இசட்எஃப்எஸ் ஸ்லாக்குக்கு எந்த எஸ்எஸ்டி வாங்குவது? குமுளி ஏலக்காய்க் கடை சர்வருக்கு ஒரு பதில்

குமுளியில் ஏலக்காய்க் கடை ஒன்றின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். சர்வரில் 4 டிபி ஹார்ட் டிஸ்க் நான்கு, இரண்டிரண்டாக மிரர் (ஒன்றில் இருப்பதே மற்றதிலும்), அதன் மேல் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம். ராம் 32 ஜிபி. பில் மென்பொருளும் அதன் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் வேறொரு பெட்டியில் வர்ச்சுவல் மெஷினாக (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டராக) ஓடுகின்றன. அந்த மெஷினின் டிஸ்க் ஃபைல் மட்டும் ஒரு கிகாபிட் நெட்வொர்க் வழியாக, என்எஃப்எஸ் என்ற ஃபைல் பகிர்வு முறையில், இந்தச் சர்வரில் இருக்கிறது. நாற்பது ஐம்பது வரி உள்ள பில்லை சேவ் செய்தால் இரண்டு மூன்று விநாடி அப்படியே நிற்கிறதாம். கம்பத்தில் ஒரு கடைக்காரர் 1 டிபி கேமிங் என்விஎம்இ எஸ்எஸ்டியைக் காட்டி, "விநாடிக்கு 7000 எம்பி. இதை ஸ்லாக்காப் போடுங்க, பறக்கும்" என்றிருக்கிறார். வாங்கலாமா, மிச்ச இடத்தை ரீட் கேஷாக வைத்துக்கொள்ளலாமா, கேமரா பதிவுகளைச் சேமிப்பதும் இதனால் வேகமாகுமா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, அந்த எஸ்எஸ்டியை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். ஸ்லாக், அதாவது எழுத வரும் டேட்டாவை உடனே குறித்துவைக்கும் தனி டிஸ்க், உங்களுக்குத் தேவைப்படலாம். ஆனால் அதற்கு வேறு மாதிரி எஸ்எஸ்டி வேண்டும். ஏன் என்று புரிந்துகொண்டு வாங்கினால் அடுத்த முறை யாரும் உங்களைக் குழப்ப முடியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்லாக் செய்யும் வேலை உங்கள் கடையிலேயே நடக்கிறது. பகலில் மூட்டையை எடை போட்டதும் சிட்டையில் எழுதிவிடுகிறீர்கள்: யாருடைய சரக்கு, எத்தனை கிலோ, என்ன விலை. ராத்திரி கணக்கப்பிள்ளை பேரேட்டில் ஏற்றுகிறார். இப்போது அந்தக் கணக்கப்பிள்ளைக்கு அசாத்தியமான ஞாபகசக்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிட்டையைப் புரட்டாமல் மனதிலிருந்தே பேரேட்டை எழுதிவிடுவார். அப்படியானால் சிட்டை எதற்கு? ராத்திரிக்குள் அவர் மயங்கி விழுந்துவிட்டால் வேறொருவர் எடுத்துப் பார்க்க. இசட்எஃப்எஸ்ஸில் மனம் என்பது ராம், பேரேடு என்பது ஹார்ட் டிஸ்க்குகளால் ஆன பூல், சிட்டை என்பது ஜில் என்று சொல்லப்படும் இன்டென்ட் லாக். தனியாக ஒரு டிஸ்க் தராவிட்டால் ஜில் பூலுக்குள்ளேயே, அதே ஹார்ட் டிஸ்க்குகளில் எழுதப்படும். சிட்டைக்கென்று தனி டிஸ்க் கொடுத்தால் அதற்குப் பெயர் ஸ்லாக்.

ராமில் சேர்ந்த டேட்டா, இப்போதைய ஓப்பன் இசட்எஃப்எஸ்ஸில் இயல்பாக 5 விநாடிக்கு ஒருமுறை, மொத்தமாக பூலுக்குப் போகிறது. அது ராமிலிருந்து நேராகப் போகிறது, ஸ்லாக் வழியாகப் போவதில்லை. ஸ்லாக்கைப் படிப்பது கரண்ட் போய் சர்வர் திரும்ப எழும் அன்று மட்டும்தான். அதனால் ஸ்லாக்கை "ரைட் கேஷ்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். அது கேஷ் இல்லை. எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி அது.

எல்லா எழுத்துக்கும் அந்த உறுதிமொழி கேட்கப்படுவதில்லை. "டிஸ்க்கில் பத்திரமாகச் சேர்ந்துவிட்டது என்று சொன்னால்தான் அடுத்த வேலை" என்று நிற்கும் மென்பொருள்கள்தான் கேட்கும். டேட்டாபேஸ் ஒவ்வொரு கமிட்டுக்கும் (ஒரு பதிவை உறுதிசெய்யும்போது) எஃப்சிங்க் கேட்கும், அதாவது டிஸ்க்கில் சேர்த்துவிட்டுச் சொல் என்று கட்டளையிடும். வர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ, என்எஃப்எஸ் மீது எழுதும் ஒவ்வொன்றையும் சிங்க்காகவே, அதாவது அந்த உறுதிமொழியோடுதான், கேட்கும். விண்டோஸ் ஷேரில் சும்மா ஒரு ஃபைலை இழுத்துப் போட்டால் பெரும்பாலும் கேட்பதில்லை. உங்கள் கேமரா பதிவும் அந்த வகைதான். அது ராமுக்குப் போய், பிறகு பூலுக்குப் போகிறது. ஸ்லாக் போட்டாலும் போடாவிட்டாலும் அதன் வேகம் மாறாது. மூன்றாவது கேள்விக்கு அதுவே பதில்.

சரி, பில் ஏன் நிற்கிறது? உங்கள் ஹார்ட் டிஸ்க் 7200 ஆர்பிஎம் என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. தலை நகர்ந்து, சரியான இடம் கீழே வந்து, எழுதி, "முடிந்தது" என்று சொல்லப் பத்து பதினைந்து மில்லி விநாடியாவது போகும். பில் மென்பொருள் ஐம்பது வரியையும் ஐம்பது தனித்தனி கமிட்டாக எழுதினால் 15 மில்லி விநாடி வீதம் முக்கால் விநாடி. வர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் ஃபைல் சிஸ்டமும் தன் ஜர்னலுக்காக (அதன் சொந்தச் சிட்டை) இன்னும் சில முறை கேட்கும். இரண்டு விநாடி ஆனதில் ஆச்சரியமே இல்லை.

இதைப் படித்ததும் செலவில்லாத ஒரு வழி உங்களுக்கே தோன்றியிருக்கும். பில் மென்பொருள் எழுதியவரிடம் பேசுங்கள். ஒரு பில்லின் எல்லா வரிகளையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதச் சொல்லுங்கள். ஐம்பது கமிட் ஒன்றாகிவிடும். பாதி பில் மட்டும் சேவ் ஆகி நிற்கும் தொல்லையும் அதோடு போகும். நான் பார்த்த கடைகளில் பாதிக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

அது முடியவில்லை என்றால், எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. டேட்டாபேஸை காப்பி எடுத்து, தனியாக ஒரு டேட்டாசெட்டில் (பூலுக்குள் தனி அமைப்புகள் உள்ள ஒரு பகுதி) வைத்து, அந்த டேட்டாசெட்டுக்கு மட்டும் சிங்க் என்ற அமைப்பை டிசேபிள்ட் என்று மாற்றுங்கள். மாதிரி பில் பத்து போட்டுப் பாருங்கள். இந்த நிலையில் சர்வர் சிட்டையே எழுதாமல் "எழுதிவிட்டேன்" என்று பொய் சொல்கிறது. உலகத்திலேயே சிறந்த ஸ்லாக்கை வாங்கிப் போட்டாலும் இதைவிட வேகம் வராது. பில் பளிச்சென்று சேவ் ஆனால் ஸ்லாக் உங்களுக்குப் பயன்படும். அப்போதும் நின்றால் சிக்கல் நெட்வொர்க்கிலோ மென்பொருளிலோ இருக்கிறது, எஸ்எஸ்டிக்குச் செலவழிக்க வேண்டாம். சோதனை முடிந்ததும் மறக்காமல் ஸ்டாண்டர்ட் என்று திருப்பி வைத்துவிடுங்கள். அப்படியே விட்டால் இசட்எஃப்எஸ் பூல் கெட்டுப்போகாது என்பது உண்மைதான். ஆனால் கரண்ட் போனால் கடைசிச் சில விநாடிகளின் பில்கள் போய்விடும், டேட்டாபேஸ் அவை இருப்பதாக ஏற்கெனவே உங்களிடம் சொல்லியிருக்கும்.

இப்போது அந்த 7000 எம்பிக்கு வருவோம். அது பெரிய பெரிய துண்டுகளாக, ஒரே நேரத்தில் நிறையக் கோரிக்கைகளை வரிசையில் நிறுத்தி, எஸ்எஸ்டியின் உள்ளே இருக்கும் தற்காலிக இடத்தில் கொட்டும்போது வரும் எண். ஸ்லாக்கில் அப்படி நடப்பதில்லை. சின்னத் துண்டு ஒன்று வரும், எழுதுவார்கள், உடனே "ஃப்ளஷ்" என்று ஒரு கட்டளை போகும். அதாவது, கையில் வைத்திருப்பதையெல்லாம் நிரந்தர இடத்தில் எழுதிவிட்டுச் சொல். பதில் வந்த பிறகே அடுத்த துண்டு. ஒவ்வொன்றுக்கும் எத்தனை மைக்ரோ விநாடி ஆகிறது என்பதுதான் இங்கே கணக்கு. வீட்டுக் கம்ப்யூட்டருக்கான எஸ்எஸ்டி ஃப்ளஷ் வரும்போது நேர்மையாக நடந்துகொண்டால், டேட்டா நிரந்தரமாக இருக்கும் நாண்ட் செல்லில் எழுதி முடிக்கும் வரை காக்க வேண்டும். அதற்கு ஒரு மில்லி விநாடி, சில நேரம் இன்னும் கூடுதல். 7000 எம்பி என்று அட்டையில் போட்ட சரக்கு, இந்த வேலையில் விநாடிக்குச் சில நூறு முதல் ஆயிரம் சொச்சம் சின்ன ரைட் என்று இறங்கிவிடும்.

சர்வருக்கென்று செய்த எஸ்எஸ்டியில் பவர் லாஸ் புரொடெக்‌ஷன் இருக்கும். உள்ளே போர்டில் கண்டென்சர்கள் பொருத்தியிருப்பார்கள். வெளியே கரண்ட் நின்றாலும் எஸ்எஸ்டியின் ராமில் இருப்பதை நாண்டுக்கு மாற்றும் வரைக்கும் தேவையான மின்சாரம் அவற்றில் இருக்கும். அந்த தைரியத்தில் ஃப்ளஷ் வந்ததும் அது உடனே "சரி" என்று சொல்லலாம், சொன்னது பொய்யாகாது. பாதுகாப்புக்காக வைத்த கண்டென்சரே இங்கே வேகத்தையும் தருகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. சாட்டா என்ற பழைய, மெதுவான இணைப்பு வகையில் கூட விநாடிக்குப் பல ஆயிரம் ரைட் தாராளமாக வரும்.

நேர்மையில்லாத மூன்றாவது வகையும் உண்டு. கண்டென்சரும் கிடையாது, ஃப்ளஷ் வந்தால் காத்திருப்பதும் கிடையாது. எழுதாமலேயே "சரி" சொல்லிவிடும். சோதனையில் இதுதான் பிரமாதமாகத் தெரியும். நான் ஏமாந்தது இதில்தான். வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு சரக்குக் கடைக்கு, பேர் பெற்ற கம்பெனியின் சாதாரண எஸ்எஸ்டி ஒன்றை ஸ்லாக்காகப் போட்டுக் கொடுத்தேன். ஆறு மாதம் குறையே இல்லை. ஐப்பசி மாதம் ஒரு சாயங்காலம் இடியோடு மழை, கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி செத்துக் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. கரண்ட் வந்ததும் சர்வர் ஒழுங்காக எழுந்தது. பூல் நிலை ஆன்லைன், எரர் பூஜ்யம். மறுநாள் காலை ஒரு விவசாயி வந்து, முந்தின நாள் போட்ட சரக்குக்குப் பணம் கேட்டார். பிரிண்டரில் வந்த ரசீது அவர் சட்டைப் பையில் இருந்தது, மழையில் ஓரம் நனைந்து. 48 கிலோ 350 கிராம், பில் நம்பர் தெளிவாக. கம்ப்யூட்டரில் அந்த நம்பரே இல்லை. அதற்கு முந்தின பில்லோடு நின்றிருந்தது. அன்று காலை புதிதாகப் போட்ட முதல் பில்லுக்கு அவருடைய நம்பரே விழுந்திருந்தது. அந்த மனிதர் முகத்தைப் பார்த்து நிற்க எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. ரசீது இருந்ததால் பணம் கிடைத்தது. இல்லாமல் போயிருந்தால் அவர் பேச்சை யார் நம்பியிருப்பார்கள்?

எரர் ஏன் வரவில்லை என்று பிறகு உட்கார்ந்து படித்தேன். ஜில் ஒரு சங்கிலி. ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டு எங்கே என்று சொல்லும். சர்வர் எழும்போது இசட்எஃப்எஸ் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போகும். அடுத்த இடத்தில் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் பொருந்தாத ஏதோ இருந்தால், "சிட்டை இங்கே முடிந்தது" என்று எடுத்துக்கொள்ளும். உண்மையிலேயே அங்கே முடிந்ததா, எழுதியதாக எஸ்எஸ்டி ஏமாற்றியதா என்று அதற்குத் தெரிய வழியில்லை. காணாமல் போன பக்கத்தை அது காணவில்லை என்று சொல்லாது. அதனால்தான் ஸ்லாக் டிஸ்க்கை வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது. வாங்கிய பிறகு அது தவறு செய்தால் யாரும் மணி அடிக்கப் போவதில்லை.

அன்றிலிருந்து எந்த எஸ்எஸ்டியையும் பிளக்கைப் பிடுங்கிப் பார்க்காமல் ஸ்லாக்காகப் போடுவதில்லை. முறை எளிது. காலி எஸ்எஸ்டியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் 1, 2, 3 என்று எண்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க் முடிந்ததும் அந்த எண்ணை நெட்வொர்க்கில் இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரில் இருக்கும் பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனை அழுத்துவது கணக்கில் வராது. திரும்ப ஆன் செய்து, எஸ்எஸ்டியில் இருக்கும் கடைசி எண்ணையும் மற்ற கம்ப்யூட்டரில் இருக்கும் கடைசி எண்ணையும் ஒப்பிடுங்கள். எஸ்எஸ்டியில் அதே எண்ணோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. ஒன்று குறைந்தாலும் அது ஸ்லாக்குக்கு ஆகாது. பத்து முறையாவது செய்யுங்கள்.

வேகத்தைப் பார்க்க எஃப்ஐஓ என்ற சோதனைக் கருவி போதும்: 4கே அளவு, கியூ டெப்த் 1 (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கை), ஒவ்வொரு ரைட்டுக்கும் எஃப்சிங்க். ஃப்ரீபிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஸ்லாக்குக்கென்றே டிஸ்க்இன்ஃபோ கட்டளையில் ஒரு சோதனை உண்டு. அது டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிடும், காலி டிஸ்க்கில் மட்டும் ஓட்டுங்கள்.

அளவு பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் விநாடிக்கு 125 எம்பிக்கு மேல் உள்ளே வராது. 5 விநாடிக்கு 625 எம்பி. திறந்திருப்பது, மூடிக்கொண்டிருப்பது, பூலுக்கு எழுதிக்கொண்டிருப்பது என்று அந்த டேட்டா மூன்று குழுவாக ஒரே நேரத்தில் இருக்கலாம் என்று வைத்தாலும் 2 ஜிபியைத் தாண்டாது. 10 கிகாபிட் போட்டாலும் 20 ஜிபிக்குள். 1 டிபி எஸ்எஸ்டியில் 900 ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கும்.

அதைக் கேஷாக வைக்கலாமே என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. வேண்டாம். சிட்டை எழுதுபவரிடமே கல்லாவையும் கொடுத்தது போல ஆகும். கேஷுக்கான எழுத்தும் படிப்பும் நடக்கும் நேரத்தில் சிங்க் ரைட் வரிசையில் நிற்கும், நீங்கள் எதற்காக ஸ்லாக் வாங்கினீர்களோ அதுவே போய்விடும். 16 ஜிபிக்கு ஒரு பார்ட்டிஷன் போட்டு மிச்சத்தைத் தொடாமல் விடுங்கள். காலி இடம் எஸ்எஸ்டியின் தேய்மானத்தைப் பரவலாக்க உதவும். படிப்பது மெதுவாக இருந்தால் ராம் வாங்குங்கள்.

தேய்மானம் பற்றிப் பயமுறுத்துபவர்கள் உண்டு. உங்கள் கடைக்கு அது பெரிய விஷயமில்லை. நாளைக்கு 50 ஜிபி சிங்க் ரைட் என்று தாராளமாக வைத்தாலும் வருஷத்துக்கு 18 டிபி. விநாடிக்கு 10 எம்பி இரவும் பகலும் எழுதும் இடங்களில்தான் நாளைக்கு 864 ஜிபி, வருஷத்துக்கு 300 டிபிக்கு மேல் என்று ஏறி, சாதாரண எஸ்எஸ்டியை இரண்டு வருஷத்தில் தின்றுவிடும்.

எதை வாங்குவது? புதிதாகவும் சுலபமாகவும் கிடைக்க வேண்டுமென்றால் கிங்ஸ்டன் டிசி600எம் 480 ஜிபி சாட்டா. கண்டென்சர் உண்டு, ஐந்து வருஷத்துக்கு நாளைக்கு ஒருமுறை முழு டிஸ்க்கையும் எழுதலாம் என்று கணக்கு. உங்களுக்கு நான் சொல்வது இதையே. என்விஎம்இதான் வேண்டும் என்றால் மைக்ரான் 7450, சாம்சங் பிஎம்9ஏ3 போன்றவை. வாங்கும் முன் மதர்போர்டில் இடத்தை அளந்துகொள்ளுங்கள். கண்டென்சருக்கு இடம் வேண்டும் என்பதால் எம்.2 என்ற பட்டை வடிவ சர்வர் எஸ்எஸ்டிகள் பல 110 மில்லி மீட்டர் நீளம் இருக்கும், சாதாரண போர்டில் 80 மில்லி மீட்டர் வரைதான் பிடிக்கும்.

ஸ்லாக்குக்காகவே பிறந்தது போல இருந்தது இன்டெல் ஆப்டேன். நாண்ட் இல்லாத வேறு வகை நினைவகம். எழுதும் முன் அழிக்க வேண்டிய வேலையே கிடையாது. 2022 ஜூலையில் அந்தத் தொழிலை இன்டெல் நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. எனக்கு இன்னமும் வருத்தம்தான். பி1600எக்ஸ் 118 ஜிபி எங்கேயாவது நம்பகமாகக் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம், அது 80 மில்லி மீட்டரில் அடங்கும், பவர் லாஸ் புரொடெக்‌ஷனும் உண்டு. ஆப்டேன் மெமரி என்று விற்ற 16 ஜிபி குட்டியை மலிவாகப் பார்த்து ஆசைப்படாதீர்கள். விநாடிக்கு 145 எம்பிதான் எழுதும், சர்வருக்கென்று செய்ததும் அல்ல.

பழைய சரக்கில் இன்டெல் டிசி எஸ்3700 நல்ல குதிரை. 2012-இல் வந்தது, நாளைக்குப் பத்து முறை முழுதாக எழுதத் தாங்கும் என்று செய்தது. 100 ஜிபி மாடல் விநாடிக்கு 200 எம்பி எழுதும், உங்கள் நெட்வொர்க்குக்கு அது போதும். வாங்கும்போது ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் பட்டியல்) விவரத்தில் 233-ஆம் எண்ணைப் பாருங்கள். புதிதில் 100, தேயத் தேய இறங்கும். 175-ஆம் எண் கண்டென்சரின் சுயசோதனை. பத்து வருஷப் பழைய எஸ்எஸ்டியில் நாண்டைவிடக் கண்டென்சர்தான் எனக்குக் கவலை, அதனால் அதை முதலில் பார்ப்பேன்.

அட்டையில் "டேட்டா அட் ரெஸ்ட்" பாதுகாப்பு என்று போட்டிருந்தால் ஏமாறாதீர்கள். ஏற்கெனவே எழுதி முடித்தது கெடாது என்று மட்டும் அதற்கு அர்த்தம். கையில் இருக்கும் டேட்டாவுக்கு அது பொறுப்பில்லை.

இரண்டு வாங்கி மிரர் செய்ய வேண்டுமா? முன்பெல்லாம் ஸ்லாக் செத்தால் பூலே எழாத காலம் இருந்தது. இப்போது ஓடும்போது ஸ்லாக் செத்தால் ஜில் பூலுக்கே திரும்பிவிடும், மெதுவாகும், அவ்வளவுதான். ஸ்லாக்கும் கரண்டும் ஒரே நேரத்தில் போனால்தான் கடைசிச் சில விநாடிகள் போகும். இடி விழும் ஊரில் அந்த "ஒரே நேரத்தில்" நடக்கக்கூடியதுதான் என்பதால், காசு இருந்தால் இரண்டு போடுங்கள் என்பேன். காசு ஒன்றுக்குத்தான் என்றால் நல்லதாக ஒன்று. மோசமானதாக இரண்டு வேண்டாம்.

யூபிஎஸ் இருக்கிறதே, கண்டென்சர் எதற்கு என்று முதலாளி கேட்பார். சர்வரின் பவர் சப்ளை எரிந்தாலோ, யாராவது வயரில் கால் தட்டினாலோ யூபிஎஸ் உதவாது. பேட்டரி எப்போது சாகும் என்று அது முன்கூட்டிச் சொல்வதும் இல்லை. இரண்டும் வேண்டும். மழைக்கு முன், வைகாசியிலேயே பேட்டரியை ஒருமுறை லோடு வைத்துச் சோதித்துவிடுங்கள்.

சேர்க்கும்போது ஒரு எச்சரிக்கை. இசட்பூல் ஆட் கட்டளையில் பூல் பெயருக்குப் பிறகு லாக் என்ற சொல்லை விட்டுவிட்டால் அந்த எஸ்எஸ்டி சிட்டையாகச் சேராது, பேரேட்டின் ஒரு பகுதியாகவே சேர்ந்துவிடும். ஒற்றை டிஸ்க் என்றால் இசட்எஃப்எஸ் மறுக்கும், கட்டாயப்படுத்தாதீர்கள். உங்களுடையது மிரர் பூல் என்பதால், மிரராக இரண்டு எஸ்எஸ்டி கொடுத்தால் அது மறுக்கக்கூட மறுக்காது. முதலில் "என்" என்ற ஆப்ஷனோடு ஓட்டுங்கள். எதையும் செய்யாமல், செய்தால் பூல் எப்படி இருக்கும் என்று மட்டும் காட்டும். லாக்ஸ் என்ற தலைப்புக்குக் கீழே எஸ்எஸ்டி தெரிந்தால் அந்த ஆப்ஷனை எடுத்துவிட்டு ஓட்டலாம். டிஸ்க்கை அதன் சீரியல் நம்பர் உள்ள பெயரால் குறிப்பிடுங்கள், எஸ்டிபி எஸ்டிசி என்ற பெயர்கள் ரீபூட்டில் மாறும். பிறகு, எழுத்தும் படிப்பும் எவ்வளவு நடக்கிறது என்று காட்டும் இசட்பூல் ஐஓஸ்டாட்டை "வி" என்ற ஆப்ஷனோடு விநாடிக்கு ஒருமுறை ஓடவிட்டு ஒரு பில்லை சேவ் செய்யுங்கள். லாக் வரியில் எண் துள்ள வேண்டும். துள்ளவில்லை என்றால் அந்த டேட்டாசெட்டின் லாக்பயஸ் அமைப்பு த்ரூபுட் என்று இருக்கிறதா பாருங்கள், லேட்டன்சி என்று மாற்றிவிட்டு மறுபடி ஒரு பில் போட்டுப் பாருங்கள்.